ஏறாதவருக்கும் எரியும் விளக்கு

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் மறு ஆலோசனைக்கு வரும்போது, அவர்களின் குடும்பத்தினர் மருந்து, உணவு, உறக்கம் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, எழுந்து செல்லும் தறுவாயில் தயக்கத்தோடு இன்னொன்றையும் கேட்பதுண்டு. “ஒருநாள் எங்கேயாவது வெளியே அழைத்துப் போகலாமா?” என்பதே அது.

இந்தச் சிறு கேள்விக்குள் இரண்டு அச்சங்கள் அடங்கியுள்ளன. வழியில் உடலுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்பது முதலாவது. வீட்டில் ஒருவர் நோயுற்றிருந்து தேறிவரும் காலத்தில் மகிழ்ச்சிக்காக ஊர் சுற்றுவது முறைதானா என்பது இரண்டாவது. முதல் அச்சத்திற்கு மருத்துவர் விடை கூறுவார். இரண்டாவதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆகவே அதற்கு விடையும் கிடைப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்திற்கு நாங்கள் மேற்கொண்ட ஒருநாள் பயணத்தை முன்வைத்து, இவ்விரண்டையும் பற்றிச் சில செய்திகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

புறப்படுமுன்

இவ்விதழை உருவாக்கும் குழுவினர் மூவரும், எங்களுள் ஒருவரின் பெற்றோரும் ஆக ஐவர் சென்றோம். தந்தையாருக்கு இதய மாற்றுவழி அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மருத்துவர் வகுத்துக் கொடுத்த உடற்பயிற்சிகளைத் தவறாமல் செய்துவந்த அவருக்குச் சமதரையில் அரைமணி நேரம் நடக்கவும், நின்று நின்று ஒரு மாடி உயரம் ஏறவும் இசைவு கிடைத்திருந்தது. அதற்கு மேல் ஏறுவது அடுத்த பரிசோதனைக்குப் பிறகுதான் என்று மருத்துவர் தெளிவாகக் கூறியிருந்தார். தாயாரோ அந்த நான்கு மாதங்களில் மருந்துக் கடையையும் தெருமுனைக் கோயிலையும் தாண்டி எங்கும் சென்றதில்லை.

நலம் பெற்றுவரும் ஒருவரை அழைத்துச் செல்லும் பயணத்தை, குழுவில் வலிமை குறைந்தவரின் அளவைக் கொண்டே திட்டமிட வேண்டும். தூரம், புறப்படும் நேரம், இடையே தங்குமிடம், திரும்பும் நேரம் ஆகிய அனைத்தும் அவருக்கு ஏற்றவையாக இருத்தல் நன்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் சென்று, வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டு, பகல் உணவிற்குப்பின் ஓய்வெடுத்துத் திரும்ப இயலும். நாங்கள் தை மாதத்தைத் தேர்ந்துகொண்டதற்கும் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை தொடங்காத இடைப்பட்ட பருவம் அது. சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வூரின் கருங்கற் பாறைகள் முற்பகலிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

கடலை ஒட்டிய சாலையில்

திருவான்மியூரைக் கடந்தபின் சாலை தெற்கு நோக்கி நீள்கிறது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி எனக் கடற்கரைக் குப்பங்களாக இருந்த ஊர்கள் இன்று நகரத்தின் பகுதிகளாகிவிட்டன. கட்டடங்களுக்கு இடையே கடல் எப்போதேனும் ஒருமுறை எட்டிப் பார்த்து மறைகிறது. முட்டுக்காட்டுப் பாலத்தை அடையும்போதுதான் முதன்முறையாகக் கண்கள் முழுவதும் நீர் நிறைகிறது. ஒருபுறம் அசைவற்ற உப்பங்கழி, மறுபுறம் அது கடலோடு கலக்கும் முகத்துவாரம்.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடப்பது எங்கள் திட்டத்தில் இருந்தது. நெடுநேரம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் தேங்கி உறையும் வாய்ப்பு உண்டு. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் இவ்வாய்ப்பு சற்று மிகுதி. அமர்ந்திருக்கும்போதும் கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டிருப்பது நல்லது. நெஞ்செலும்பைப் பிளந்து அறுவை செய்துகொண்டவர்கள், அவ்வெலும்பு கூடுவதற்குரிய முதல் 6 முதல் 12 வாரங்கள் வரை வண்டி ஓட்டுவதையும் கனமான பொருள்களைத் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும். அக்காலத்தில் காரில் செல்ல நேர்ந்தால், இருக்கைப் பட்டைக்கும் மார்பிற்கும் இடையே சிறு தலையணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பட்டையை அணியாமல் விட்டுவிடலாகாது.

சாலையோரத்தில் இளநீர்க் கடைகள் வரிசையாக இருந்தன. இளநீர் எல்லோருக்கும் நல்லது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகக் குறைபாடு உடையவர்களுக்கும், இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் சில வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் அது தீங்கு விளைவிக்கக்கூடும். நாள் ஒன்றுக்கு இவ்வளவு நீரே அருந்தலாம் என்று வரையறுக்கப்பட்டவர்களுக்கு இளநீரும் மோரும் அந்த அளவிற்குள்தான் அடங்கும். தந்தையாரின் மருத்துவரிடம் முன்பே கேட்டிருந்ததால், அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீரையே அருந்தினார். மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவிய மாங்காய்த் துண்டுகளைக் கண்டதும் ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவே.

பாறைமேல் நின்ற ஒளி

மாமல்லபுரத்தின் நடுவே எழும் பாறைக்குன்றின்மேல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட வட்ட வடிவக் கற்கோபுரம் அது. வண்ணம் பூசப்படாத கல்லே அதன் நிறம். அதன் அருகில், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலுள்ள பாறையுச்சியில், ஒலக்கணேசுவரர் கோயில் என்னும் பல்லவர் காலக் கற்கோயில் நிற்கிறது. இப்போதைய கோபுரம் எழுவதற்கு முன், 1887 முதல், அக்கோயிலின் மேற்கூரையில்தான் கப்பல்களுக்கான விளக்கு வைக்கப்பட்டிருந்தது. பழைய கலங்கரை விளக்கம் என்று அக்கோயிலை இன்றும் அழைப்பவர்கள் உண்டு. ஏறத்தாழ 1,200 ஆண்டு இடைவெளியில் எழுந்த இரு கட்டடங்கள் இவ்வாறு அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வூரின் பல்லவர் காலச் சின்னங்களை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கரைதல் என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்றொரு பொருள் உண்டு. கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கம் என்பதே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்தில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அதற்கும் முன்பு, தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்து விளக்கை வருணிக்கிறார். அத்துறைமுகம் மாமல்லபுரமே எனக் கருதும் அறிஞர்கள் உளர். ஏணி சாத்தப்பட்டும் ஏறுவதற்கு அரியதாய் உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் ஏற்றிய விளக்கு, கடலில் திசை தெரியாது வரும் கலங்களை அழைத்தது என்பது அவ்வருணனையின் கருத்து. ஏறுவது எளிதன்று என்பதை அந்தப் புலவரும் கவனித்திருக்கிறார்.

இவ்வளவு உயரம் எதற்காக? உலகம் உருண்டை என்பதால் கடலின் பரப்பும் வளைந்தே செல்கிறது. கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர் தொலைவிலேயே அடிவானம் முடிந்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் அந்த எல்லை 25 கிலோமீட்டருக்கு விலகிச் செல்கிறது. விளக்கு உயர உயர, அது இன்னும் தொலைவிலுள்ள கப்பலுக்குத் தெரியும். உயரம் மட்டும் போதாது, ஒளி சிதறாமலும் இருக்க வேண்டும். பிரான்சு நாட்டு அறிவியலாளர் அகஸ்டின் ஃபிரெனெல் இதற்கொரு வழி கண்டார். பல கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, நாற்புறமும் சிதறும் ஒளியை ஒரே கற்றையாகத் திரட்டும் வில்லையை அவர் வடிவமைத்தார். அந்நாட்டின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823-இல் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு விளக்கும் தனக்கென வகுக்கப்பட்ட கால இடைவெளியில் மின்னி மறைகிறது. அந்த மின்னலை எண்ணிப் பார்த்து, தாம் எந்த ஊருக்கு அருகில் இருக்கிறோம் என்பதை மாலுமிகள் அறிந்துகொள்கின்றனர்.

யார் ஏறுவது, யார் அமர்வது

கோபுரத்தை அடைவதற்கே முதலில் குன்றில் ஏற வேண்டும். அதன்பின் கோபுரத்தின் உள்ளே சுழன்று செல்லும் படிகள். உச்சியை நெருங்கும்போது அவை குறுகிச் செங்குத்தாகின்றன. ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியுள்ளது. இதயக் குறைபாடு, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், முழங்கால் தேய்மானம் ஆகியவை உள்ளவர்களுக்கு இது உகந்த ஏற்றம் அன்று. ஏறும்போது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் சுமை கூடுகிறது. இறங்கும்போது முழங்காலுக்குச் சுமை கூடுவதோடு தடுமாறி விழும் வாய்ப்பும் மிகுகிறது. பாதிவழியில் உடல் ஒத்துழைக்க மறுத்தால், அத்தகைய குறுகிய இடத்தில் உதவி செய்வதும் கடினம்.

இவையனைத்தையும் நாங்கள் தந்தையாரிடம் முன்பே கூறியிருந்தோம். ஆனால் பணி ஓய்வு பெறும்வரை எவருடைய துணையும் வேண்டாதவராக வாழ்ந்த அவருக்கு, பிறர் ஏறக் கீழே அமர்ந்திருப்பது என்பது எளிதில் ஒப்பக்கூடியதாக இல்லை. “நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று வழிநெடுக இருமுறை கேட்டுவிட்டார். அடிவாரத்தை அடைந்ததும், மருத்துவர் இசைந்த அளவிற்கு, அதாவது ஒரு மாடி உயரத்திற்கு மட்டும், ஏறிப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தோம். எங்களுள் ஒருவர் பக்கத்தில் பேசிக்கொண்டே உடன் ஏறினார்.

பேச்சே இதற்கு நல்ல அளவுகோல். நடக்கும்போதோ ஏறும்போதோ ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறது என்றால், உடல் அந்த உழைப்பைத் தாங்குகிறது என்று கொள்ளலாம். சொற்கள் துண்டு துண்டாக வரத் தொடங்கினால் நின்றுவிட வேண்டும். தந்தையார் தம் பள்ளிப்பருவத்தில் இங்குச் சுற்றுலா வந்த கதையைச் சொல்லிக்கொண்டே ஏறினார். முதல் இருமுறை நின்றபோது கதையும் உடன் நின்று, பிறகு தொடர்ந்தது. மூன்றாம் முறை வாக்கியம் நடுவிலேயே அறுந்தது. அவர் மேலே அண்ணாந்து கோபுரத்தை ஒருகணம் பார்த்தார். பிறகு தாமாகவே திரும்பி, மெல்ல இறங்கி வந்து, மரநிழலில் அமர்ந்துகொண்டார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. அம்முடிவை அவரே எடுத்தார் என்பதுதான் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது.

தாயாரும் அவர் அருகில் அமரப் போனார். அப்போதுதான் தந்தையார் கூறினார்: “நீ ஏன் உட்காருறே? போய் ஏறிப் பார்த்துட்டு வா.”

“உங்களை விட்டுட்டு நான் மட்டும் எதுக்கு? எனக்கு ஒண்ணும் ஆசையில்லை.”

“நாலு மாசமா என்னையேதான் பார்த்துக்கிட்டிருக்கே. கொஞ்சம் கடலையும் பாரு.”

எங்களுள் ஒருவர் அவரோடு கீழே தங்குவது என்று உறுதியான பின்னரே தாயார் எழுந்தார். மருந்துப் பையைக் கையில் கொடுத்து, எந்த அறையில் எந்த மாத்திரை இருக்கிறது என்பதை இருமுறை சொல்லிவிட்டுத்தான் படியேறினார்.

மேலிருந்து பார்க்கையில் கிழக்கே கடற்கரைக் கோயில் கைக்கு அடக்கமான சிற்பம் போலத் தெரிகிறது. தெற்கே ஐந்து இரதங்கள் இருக்கும் தோப்பு, மேற்கே பக்கிங்காம் கால்வாயின் நீர்க்கோடு, வடக்கே குன்றின் பாறைகள். காற்று மிகப் பலமாக வீசியது. தாயார் சேலைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டு நெடுநேரம் கடலையே பார்த்து நின்றார். பின்னர்க் கீழே எட்டிப் பார்த்துக் கைவீசினார். இறங்கி வந்ததும் அவர் முதலில் கூறியது கோயிலைப் பற்றியன்று. “அங்கேர்ந்து பார்த்தா உங்க வெள்ளைத் துண்டுதான் பளிச்சுன்னு தெரிஞ்சுது.” தந்தையார் சிரித்தார். “நீ கை ஆட்டினதை நானும் பார்த்தேன்.”

பராமரிப்பாளர்களாக இருக்கும் வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறோம். நோயுற்றவர் உண்ண முடியாததை நாம் உண்ணலாகாது, அவர் ஏற முடியாத இடத்தில் நாம் ஏறலாகாது என்னும் எண்ணம் அன்பினால் எழுவதே. ஆனால் மாதக்கணக்கில் அவ்வாறு தம்மைச் சுருக்கிக்கொள்பவர்கள் உறக்கத்தையும் உடல்நலத்தையும் இழந்து, ஒரு கட்டத்தில் தாமே நோயாளிகளாகி வருவதை மருத்துவமனையில் காண்கிறோம். நோயுற்றவருக்கும் அது பாரமாகிறது. தம்மால் இன்னொருவரின் வாழ்வு நின்றுபோயிற்று என்னும் எண்ணத்தை அவர் வெளியே சொல்வதில்லை. அரைமணி நேரம் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மூச்சு வாங்குவது கடமை தவறுதல் ஆகாது. ஆகவே இத்தகைய பயணத்திற்கு இருவராக மட்டும் செல்லாமல், உடன் அமர்ந்திருக்கக்கூடிய மூன்றாம் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஏற இயலாதவர்களுக்கும் ஒரு சொல். கலங்கரை விளக்கம் ஏறிப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. தொலைவில் இருப்பவர் காண்பதற்காகக் கட்டப்பட்டது. அதன் ஒளியால் கரைசேர்ந்த மாலுமிகளுள் பெரும்பாலோர் அதன் படிகளில் கால்வைத்தவர்கள் அல்லர். கீழே நிழலில் அமர்ந்து அதனை அண்ணாந்து பார்ப்பவர் எதையும் இழந்துவிடவில்லை.

மாற்று வழியும் கைப்பையும்

படிகள் இயலாது, ஆயினும் உயரத்திலிருந்து கடலைக் காண வேண்டும் என்னும் விருப்பம் உடையவர்களுக்குச் சென்னை மெரினாவிலுள்ள கலங்கரை விளக்கம் ஏற்றது. சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டிய, முக்கோண வடிவான அக்கோபுரம் 1977 முதல் இயங்குகிறது. மின்தூக்கி உள்ளமை அதன் தனிச்சிறப்பு. நெடுங்காலம் மூடப்பட்டிருந்து, 2013 நவம்பரில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எந்தக் கலங்கரை விளக்கமாயினும் பார்வை நேரமும் விடுமுறை நாளும் மாறக்கூடியவை. மின்தூக்கி இயங்குகிறதா, அதன்பின்னும் ஏற வேண்டிய படிகள் உண்டா என்பதையும் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்க.

பயணப்பையில் இருக்க வேண்டியவை:

• அன்றைய மருந்துகளோடு மேலும் ஒரு நாளுக்குரியவை. மருந்துச்சீட்டும் அண்மைய மருத்துவச் சுருக்கமும் நகலாக. சிறுநீர் பெருக்கும் மாத்திரையைப் பயண வசதிக்காகத் தாமாக நிறுத்தலாகாது. வேளையை மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

• நாவின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அது பெட்டியில் அல்ல, சட்டைப்பையில்.

• இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் அதனைக் குளிர்காப்புப் பையில், பனிக்கட்டியில் நேரடியாகப் படாமல் எடுத்துச் செல்ல வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்லலாகாது. சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் கண்டால் உட்கொள்வதற்குக் குளுக்கோஸோ, மூன்று சிறு தேக்கரண்டி சர்க்கரையோ கைவசம் இருத்தல் நன்று.

• தொப்பி அல்லது குடை, பருத்தி ஆடை, பின்பட்டை உள்ள காலணி. நீரிழிவினால் பாதங்களில் உணர்வு குறைந்தவர்கள் சுடுமணலிலும் பாறையிலும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கொப்புளம் எழுவதை அவர்கள் உணரமாட்டார்கள்.

• வீட்டில் சமைத்த உணவு. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்கள், குறிப்பாகப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், திறந்தவெளியில் நறுக்கி விற்கும் பழங்களையும் கூட்ட நெரிசலையும் தவிர்ப்பது நன்று.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அமரச் செய்து, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். வீடு திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைத் திருப்பலாகாது.

பகல் உணவிற்குப்பின் தந்தையார் ஒரு மணி நேரம் உறங்கினார். மாலைக்குள் வீடு திரும்பிவிட்டோம். மறுநாள் அவருக்கு உடல் அசதி சற்று இருந்ததே தவிர வேறு தொல்லை இல்லை. அந்த அசதியும் கணக்கில் கொள்ளத்தக்கதே. பயணத்திற்கு மறுநாளை எந்த வேலையும் வைக்காமல் ஓய்விற்கு ஒதுக்குங்கள்.

அடுத்த ஆலோசனைக்கு வரும்போது, மருந்து பற்றிய ஐயங்களை எழுதிக்கொண்டு வரும் தாளில் இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்: எவ்வளவு தூரம் செல்லலாம், எத்தனை படிகள் ஏறலாம், எதை அருந்தலாம். எழுந்து செல்லும் தறுவாயில் தயங்கிக் கேட்க வேண்டிய கேள்வியன்று இது. தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.